கார்த்தேஜ் ஊர் லோவிசாள்

மார்ச் 6, சாம்பல் புதன்

இன்று ஈஸ்டருக்கு முந்தைய நோன்பான லெந்து காலம் ஆரம்பம். காலை ஆராதனைக்குப் பதினோரு பேர் வந்தார்கள். அதில் நான் ஒருத்தி, மணியடிக்கும் ஞானமுத்து ஒருவர், பாலை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்ட பால்காரர் ஒருவர். குருவானவரான என் வீட்டுக்காரர் பீடத்தின் முன் நின்று கூட்டத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். கூட்டம் கூடவில்லை.

சாயங்காலம் மாவு மில் பக்கமாக வந்தேன். அங்கே முப்பது பெண்களாவது இருப்பார்கள். அரிசி மூட்டை மேலும் உமிச் சாக்கு மேலும் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் மில்காரி பூமணி நின்று ஜெபித்துக்கொண்டிருந்தாள். வருஷக்கணக்காக மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அவளுக்குத் தணிந்த குரலே கிடையாது. மெஷினை நிறுத்திய பிறகும் அப்படியேதான் கத்துகிறாள். ஆண்டவருக்குக் காது நன்றாகவே கேட்கும் என்று யாராவது அவளிடம் சொன்னால் தேவலை.

இந்தப் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்பார்கள். அவர் மனைவி ஐயரம்மா. ஐயரம்மா என்றால் மாதர் சங்கத்துக்குத் தலைவி, பிரசவமோ சாவோ எதுவானாலும் முதலில் கூப்பிட வேண்டிய ஆள். நாங்கள் போன ஜூனில் மாற்றலாகி இந்த நல்லாயன்குடியிருப்புக்கு வந்தோம். வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், முதலில் கூப்பிடுவது பூமணியை. அவள் ஞானஸ்நானம் வாங்கியே ஐந்து வருஷம்தான் ஆகிறது. எங்கள் குடும்பம் ஐந்து தலைமுறையாகச் சபையில் இருக்கிறது.

எனக்குப் பொறாமை கிடையாது. எதற்கும் ஒரு ஒழுங்கு வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை மாலைத் தியானத்துக்கு இவர் இந்த வருஷம் ‘ஆதிச்சபை ஏன் பரவியது’ என்று தலைப்பு வைத்திருக்கிறார். தலைப்பு அவருடையது, எழுதுவது நான். நான் எம்.ஏ. வரலாறு படித்தது வீணாகப் போகக் கூடாதாம். தனக்கு எழுத வராது என்று மட்டும் சொல்லமாட்டார்.

மார்ச் 8, வெள்ளி

முதல் தியானம். ஐந்து பக்கம் எழுதிக் கொடுத்தேன். ரோம ராஜ்யத்து ஜனங்கள் எதற்கெல்லாம் பயந்தார்கள் என்று ஆரம்பித்தேன். நட்சத்திரத்துக்குப் பயம், கெட்ட கனவுக்குப் பயம், பக்கத்து வீட்டுக்காரி எழுதிப் புதைத்த தகட்டுக்குப் பயம். ஒவ்வொரு பயத்துக்கும் ஒரு தெய்வம், ஒவ்வொரு தெய்வத்துக்கும் ஒரு படையல். யாரை மறந்தோமோ, யார் அடிப்பார்களோ என்று எந்நேரமும் கலக்கம். அப்போது சிலர் வந்து, எல்லாவற்றுக்கும் மேலே ஒருவரே இருக்கிறார், அவருக்கு உன்மேல் அன்பு என்று சொன்னார்கள். கேட்டவர்களுக்கு மூச்சு வந்திருக்கும். சரித்திரக்காரர்கள் சாலை, கப்பல், அரசியல் என்று எத்தனை காரணம் வேண்டுமானாலும் சொல்லட்டும், பயம் போனதுதான் முதல் காரணம் என்று முடித்தேன். நல்ல முடிவு. நானே இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன்.

இவர் வாசித்தார். மூன்றாம் பக்கத்தில் மூப்பர் தேவபிச்சை தூங்கிவிட்டார். வாசித்து முடித்ததும் இவர் யாருக்காவது சாட்சி உண்டா என்று கேட்டார். கேட்டிருக்க வேண்டாம். பூமணி எழுந்தாள்.

“ஐயா சொன்னது நெசந்தான். முன்ன நான் கை நெறையக் கயிறு கட்டியிருந்தேன். உச்சி வெயில்ல வெளிய போவப் பயம், ஒத்தையில குளிக்கப் பயம். இப்ப கையப் பாருங்க, வெறுங்கை. கரண்டு போனாலும் மில்லுல இருட்டுக்குள்ள நான் பாட்டுக்கு உக்காந்திருக்கேன்.”

கையைத் தூக்கிக் காட்டினாள். மாவு ஒட்டிய கை. தேவபிச்சை விழித்துக்கொண்டார். வாசலில் வருகிறவர்கள் எல்லாரும் என்னிடம், “பூமணியக்கா நல்லா சொன்னா, என்னம்மா?” என்றார்கள். நானும் ஆமாம் ஆமாம் என்றேன். என் ஐந்து பக்கம் அவள் வெறுங்கைக்கு முன்னால் நிற்கவில்லை. எரிச்சலாக இருக்கிறது. இதை இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 9, சனி

பூமணி கருப்பட்டி கொடுத்தனுப்பியிருக்கிறாள். திருப்பி அனுப்பத்தான் நினைத்தேன். நல்ல கருப்பட்டி.

மார்ச் 12, செவ்வாய்

பழைய போஸ்ட்மேன் அருள்தாசனுக்கு மூச்சு இழுக்கிறது என்று காலையில் காதில் விழுந்தது. யாரும் சொல்லியனுப்பவில்லை, தெருவில் பேசிக்கொண்டு போனார்கள். அடுப்பை அணைத்துவிட்டு, நல்ல சேலை மாற்றி, ஜெபப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். போனால் கட்டிலின் காலடியில் பூமணி. அவர் பாதத்தைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு, அவர் பெயர், செத்துப்போன பெண்டாட்டி பெயர், துபாயில் இருக்கிற மகன் பெயர், வீட்டு நாயின் பெயர்வரை சொல்லி ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

மருமகள் சுகிர்தா வாசலுக்கு வந்தாள். “ஐயரம்மா, செத்த இருங்களேன். யக்கா இப்பதான் ஆரம்பிச்சிருக்கா. அவ முடிச்சதும் நீங்க பண்ணலாம்.”

பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தேன். காபி கொடுத்தார்கள். ஆறிப்போகும்வரை அவள் முடிக்கவில்லை. முடித்தபோது அருள்தாசன் தூங்கியிருந்தார், மூச்சு சீராக இருந்தது. தூங்குகிற மனுஷனை எழுப்பி நான் என்ன ஜெபம் பண்ணுவது? புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன்.

வழியெல்லாம் மனசு வெந்தது. சரி, பொறாமைதான். இன்றைக்கு இல்லையென்று எழுதினால் பேனாவே சிரிக்கும்.

மார்ச் 14, வியாழன்

லோவிசாளின் பிறந்தநாள். இருந்திருந்தால் பத்தொன்பது.

செங்கானூர் சேகரத்தில் இவர் ஐயராக இருந்தபோது ஆறு வயதில் காய்ச்சலில் போனாள். எங்களுக்குப் பிள்ளை என்று அவள் ஒருத்திதான். அங்கேயே வைத்தோம். அடுத்த வருஷமே மாற்றல் வந்தது. ஐயர் வீட்டுக்காரர்கள் பாத்திரம் பண்டமெல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு போகலாம், கல்லறையை ஏற்ற முடியாது. அதற்குப் பிறகு நான் அந்த ஊர் மண்ணை மிதிக்கவில்லை. இவரும் அந்த ஊர்ப் பேச்சை எடுப்பதில்லை. வீட்டில் அவள் பெயரைச் சொல்வதும் எப்படியோ நின்றுபோனது.

மதியம் வெண்டைக்காய் புளிக்குழம்பு. உப்பு கூடிவிட்டது. இவர் இரண்டாம் தடவையும் போடச் சொல்லிச் சாப்பிட்டார்.

மார்ச் 15, வெள்ளி

இரண்டாம் தியானம், மன்னிப்பைப் பற்றி. பழைய மதங்களின் இரகசியச் சடங்குகளுக்குச் சுத்தமானவர்களை அழைத்தார்கள், இவர்கள் பாவிகளை அழைத்தார்கள் என்று எழுதியிருந்தேன். கூட்டம் பரவாயில்லை. பூமணி எழுந்து பேசவில்லை, கண்ணை மூடித் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள். அதையும் சில பேர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

மார்ச் 20, புதன்

மிளகாய் அரைக்க நானே மில்லுக்குப் போனேன். மிளகாய் வெறும் சாக்குத்தான். அவள் எதற்காகச் சபைக்கு வந்தாள் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பிள்ளைக்குப் பள்ளிக்கூட இடம், ஆஸ்பத்திரிச் செலவு, மில்லுக்குக் கடன் என்று எல்லாருக்கும் ஏதாவது ஒன்று இருக்கும். அதைத் தெரிந்துகொண்டால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று போனேன். எழுதும்போதே அசிங்கமாக இருக்கிறது, இருந்தாலும் உண்மை அதுதான்.

தியானத்துக்குக் குறிப்பு எடுக்கிறேன் என்று சொல்லிக் கேட்டேன். மெஷினை நிறுத்திவிட்டு, சேலைத் தலைப்பால் ஸ்டூலைத் துடைத்து என்னை உட்காரவைத்தாள். தான் தரையில் உட்கார்ந்தாள்.

“எனக்கு ஒரு மவன் இருந்தாம்மா. இசக்கிமுத்து. ஒம்பது வயசு. கெணத்துல விழுந்துட்டான்.”

நான் மிளகாய்ப் பையின் வாயைக் கட்டினேன். ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

“எங்க பக்கம், வயசு வாரதுக்கு முன்னால இப்பிடிச் செத்தா ஆவி அடங்காது, அலையும்பாவ. பேயாத் திரியும்பாவ. கோடாங்கி வந்து பாத்துட்டு, கெணத்தடியில நிக்கான், ராத்திரி வீட்டுக்கு வருவான், கதவத் தொறந்துராத, புளிய மரத்துல ஆணி அடிச்சுக் கட்டிப் போடணும்னாரு. யாரக் கட்டிப் போட? எம் புள்ளய. அவனுக்கு இருட்டுன்னா பயம்மா. அவனப் பாத்து நான் பயப்படணும்னா எப்பிடி?”

அவள் குரல் முதல்முறையாகத் தணிந்திருந்தது.

“அந்த வாரத்துலயே இங்க வேதக்காரவ வீட்டுல ஒரு சின்னப் புள்ள அடக்கம். சும்மா போய் நின்னேன். முன்ன இருந்த ஐயா குழிகிட்ட நின்னு, புள்ள தூங்குது, எழுந்திருக்கும்னாவ. முடிஞ்சதும் ஓடிப் போய் அவிய கையப் புடிச்சுக் கேட்டேன். ‘எம் மவன் அலையுதானா, தூங்குதானா?’ ‘தூங்குதாம்மா’ன்னாவ. அன்னைக்குத்தான் நானும் தூங்கினேன். அதுக்குத்தான் வந்தேம்மா. வேற ஒண்ணுக்கும் இல்ல.”

பொடியை வாங்கிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் கண் எரிந்தது. மிளகாய்.

மார்ச் 21, வியாழன்

நேற்று எழுதாமல் விட்டதை இன்று எழுதுகிறேன். அவள் பேசும்போது எனக்கு வந்தது இரக்கம் இல்லை. ஒரு ஐயர் ‘தூங்குகிறான்’ என்று ஒரு வார்த்தை சொன்னாராம், அவளும் நம்பிவிட்டாளாம், அன்றைக்கே தூங்கினாளாம். என் வீட்டிலும் ஒரு ஐயர்தான் இருக்கிறார். செங்கானூரில் குழி ஓரம் நின்று அதே வார்த்தையை, அதே உடுப்பில், தன் மகளுக்கே வாசித்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மண் விழுகிற சத்தம்தான் கேட்டது.

அன்றிலிருந்து புத்தகத்தைப் பார்த்துத்தான் ஜெபம் பண்ணுகிறேன். புத்தகம் இல்லாமல் வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரியாது.

மார்ச் 29, வெள்ளி

நான்காம் தியானம், உயிர்த்தெழுதல். மூன்று நாள் எழுதினேன். கல்லறைத் தோட்டத்துக்கு அந்தக் காலத்துக் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்தில் வைத்த பெயருக்குத் தூங்குமிடம் என்று அர்த்தம். கொள்ளைநோய் வந்து ஊர் ஊராகச் செத்தபோது, மற்றவர்கள் ஓட, இவர்களில் பலர் நோயாளிகளின் பக்கத்திலேயே இருந்தார்கள், மரணம் முடிவு அல்ல என்று நம்பியதால் அப்படி இருக்க முடிந்தது. இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். எழுதினால் காய்ந்த சோறாக இருந்தது. நேற்று மத்தியானம் பேனாவை எடுத்து ஒரு பக்கம் சேர்த்தேன். மூன்றாம் நூற்றாண்டு, ரோம ராஜ்யத்துக் கார்த்தேஜ் பட்டணத்தில் ஒரு தாய். மகன் கிணற்றில் விழுந்து சாகிறான். அவன் ஆவி அலைகிறது, கட்டிப் போடு என்கிறார்கள். அவள் ஒரு கிறிஸ்தவ அடக்கத்துக்குப் போய்ப் போதகரின் கையைப் பிடித்து, என் மகன் அலைகிறானா தூங்குகிறானா என்று கேட்கிறாள்.

ஒரு வார்த்தை மாற்றவில்லை. ஊரையும் நூற்றாண்டையும் மட்டும் மாற்றினேன்.

இவர் அந்தப் பக்கத்துக்கு வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தேவபிச்சை தூங்கவில்லை. கடைசியில் எல்லாரும் ஐயரைச் சூழ்ந்துகொண்டார்கள். இதுவரை எந்தத் தியானத்துக்கும் இப்படி ஆனதில்லை. எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். பூமணியின் சாட்சி இனி நான் எழுதிய பக்கத்தில் இருக்கிறது, அவள் வாயில் இல்லை.

வாசலில் பூமணி என் கையைப் பிடித்தாள். தெரிந்துவிட்டது, சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்தேன். முகமெல்லாம் கண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு.

“அம்மா, என்னை மாதிரியே ஒருத்தி இருந்திருக்கா பாத்தியளா! ஆயிரத்து எண்ணூறு வருசத்துக்கு முன்ன! நான் ஒருத்திதான் கிறுக்கி மாதிரிக் கேட்டேன்னு நெனச்சிருந்தேன். அந்த அம்மா பேரு என்னம்மா?”

அவள் சந்தேகமே படவில்லை. ஏதாவது ஒரு பெயர் சொல்ல வேண்டும். மரியாள், மார்த்தாள் என்று ஆயிரம் பெயர் இருக்கிறது. வாயைத் திறந்தேன்.

“லோவிசாள்” என்றேன்.

மார்ச் 31, ஞாயிறு

ஆராதனையில் பொது ஜெபத்தின்போது பூமணி உரக்க, “கார்த்தேஜ் ஊரு லோவிசாள் அம்மாவுக்காக உமக்கு ஸ்தோத்திரம் ஆண்டவரே” என்றாள். கோயில் முழுக்க ஸ்தோத்திரம் என்றது. பீடத்தில் இவர் நின்ற இடத்தில் நின்றுவிட்டார். அடுத்த வரி எங்கே என்று புத்தகத்தில் விரலால் தேடினார். ஞானமுத்து பக்கத்தில் போய்க் காட்டவேண்டியிருந்தது.

மதியம் கறிக்குழம்பு. தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“எமீ, அந்தப் பேரு எங்கருந்து வந்துச்சு?”

“புத்தகத்துலதான்.”

“எந்தப் புத்தகம்?”

“ஞாபகமில்ல.”

மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஏப்ரல் 3, புதன்

மாதர் சங்கத்தில் மூன்று பேர் லோவிசாள் அம்மாவைப் பற்றிப் பேசினார்கள். சுகிர்தா தன் வயிற்றில் இருக்கிற பிள்ளை பெண்ணாக இருந்தால் அந்தப் பெயர்தான் வைக்கப்போகிறாளாம். பதிமூன்று வருஷம் நான் வாய்விட்டுச் சொல்லாத பெயர் தெருவெல்லாம் திரிகிறது. என் வாயாலேயே கொடுத்தேன், யாரிடம் போய்ச் சண்டை போட? சொல்கிற ஒவ்வொருத்தி மேலும் எரிகிறது.

ஏப்ரல் 9, செவ்வாய்

கல்லறைத் தோட்டம் சுத்தம் செய்கிறார்கள். இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு என்று இன்றுதான் தெரிந்தது. ஈஸ்டர் விடியலில் எல்லாரும் மெழுகுவர்த்தியோடு அங்கே போவார்களாம். ஒவ்வொரு குடும்பமும் தங்கள் கல்லறை பக்கத்தில் நின்று, அங்கே தூங்குகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுமாம். கூட்டம் முழுவதும் சேர்ந்து ‘எழுந்திருப்பான்’, ‘எழுந்திருப்பாள்’ என்று பதில் சொல்லுமாம். ஐயர் வீட்டுக்காரர்களுக்கு இங்கே கல்லறை இல்லை. எனவே நாங்கள் பதில் மட்டும்தான் சொல்ல வேண்டும்.

மூப்பர் தேவபிச்சை சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். இசக்கிமுத்து ஞானஸ்நானம் வாங்காதவன், நம்முடைய தோட்டத்திலும் இல்லை, பூமணி அவனைக் கூப்பிடுவதும் நாம் பதில் சொல்வதும் முறையா என்று கேட்டார். எனக்குள் ஒரு குரல், சரியாகக் கேட்கிறார் என்றது. அதை எழுத வெட்கமாக இருக்கிறது.

இவர் கண்ணாடியைக் கழற்றினார். “மூப்பரே, நாம பதில் சொல்லலைன்னா அந்தப் புள்ள எழுந்திருக்காதா?” என்றார். தேவபிச்சை காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். இவருக்கு எழுத வராது, சமயத்தில் பேச வரும்.

ஏப்ரல் 14, குருத்தோலை ஞாயிறு

பவனி நன்றாக நடந்தது. வெயில் தாங்கவில்லை. இரண்டு குழந்தைகள் வாந்தி.

ஏப்ரல் 18, பெரிய வியாழன்

மத்தியானம் பூமணி வீட்டுக்கு வந்தாள். தலையில் மாவு. உள்ளே வரச் சொன்னேன், வாசலிலேயே நின்றாள்.

“அம்மா, ஒண்ணு கேக்கணும். அந்த லோவிசாள் அம்மாவுக்கு இங்க யாரும் இல்லல்லா? ஈஸ்டர் அன்னைக்கு எம் மவனக் கூப்பிட்டதும் அவளையும் கூப்பிடட்டுமா? பரலோகம் போனதும் மொதல்ல அவளத்தான் தேடிப் போய்ப் பாக்கணும்னு இருக்கேன்.”

வேண்டாம் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். அந்தப் பெயர் உனக்கில்லை, அது வேறு ஒருத்தியுடையது, அவளைக் கூப்பிட ஆள் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். ஆள் இருந்து என்ன, பதிமூன்று வருஷமாகக் கூப்பிடவில்லையே.

“கூப்பிடு” என்றேன்.

சந்தோஷமாகப் போனாள். நான் கதவைச் சாத்திவிட்டு, துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன்.

ஏப்ரல் 19, பெரிய வெள்ளி

பன்னிரண்டிலிருந்து மூன்று வரை மும்மணி ஆராதனை. உபவாசம். தலைவலி.

ஏப்ரல் 21, ஈஸ்டர்

எழுத்து கோணலாக இருக்கிறது.

விடியலுக்கு முன்னால் எல்லாரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். தேரியின் சிவப்பு மணலில் கால் புதைய நடந்தோம். கிழக்கே வெளுக்க ஆரம்பித்ததும் இவர் முதல் ஜெபத்தைச் சொன்னார். பிறகு கூப்பிட ஆரம்பித்தார்கள். அருள்தாசன் நாற்காலியில் வந்திருந்தார், தன் பெண்டாட்டியின் பெயரைக் கூப்பிட்டார். ‘எழுந்திருப்பாள்’ என்றோம். தேவபிச்சை தன் அப்பாவைக் கூப்பிட்டார். எல்லாருக்கும் நானும் பதில் சொன்னேன், வாய் அசைந்தது. உதடு மட்டும்தான்.

பூமணி சுவர் ஓரமாக, கல்லறை எதுவும் இல்லாத இடத்தில் நின்றாள்.

“இசக்கிமுத்து!”

மில் குரல். தோட்டம் முழுக்கக் கேட்டது. கூட்டம், “எழுந்திருப்பான்” என்றது. தேவபிச்சையின் குரலும் அதில் இருந்தது.

அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். அடுத்து என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். என் மகளை அவள் கூப்பிடப்போகிறாள். அந்தப் பெரிய குரலில், சந்தேகமே இல்லாமல் கூப்பிடுவாள். கூட்டமும் பதில் சொல்லும். நான் உதட்டை அசைத்துக்கொண்டு நிற்பேன். அருள்தாசன் கட்டிலடியில் அவள் இருந்தபோது நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தேனே, அப்படி இங்கேயும் என் மகளுக்குக் காத்திருக்க வேண்டும். என்னால் முடியாது. விசுவாசம் வந்து நான் வாயைத் திறக்கவில்லை, அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பொறாமைதான்.

“கார்த்தேஜ் ஊரு...” என்று பூமணி ஆரம்பித்தாள்.

“இல்ல!” என்றேன். “அது எம் மவ பேரு. நாந்தான் கூப்பிடணும்.”

எல்லாரும் திரும்பினார்கள். எனக்கு இத்தனை பெரிய குரல் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. கையில் புத்தகம் இல்லை.

“லோவி!” என்றேன். வீட்டில் கூப்பிடுகிற மாதிரி, விளையாடிக்கொண்டிருப்பவளைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி வந்துவிட்டது.

யார் லோவி என்று யாருக்கும் தெரியாது. அப்புறம் பூமணிதான் முதலில் சொன்னாள், “எழுந்திருப்பா!” உடனே எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். எல்லாரும் முடித்த பிறகு, தனியாக, பின்தங்கி ஒரு குரல் ‘எழுந்திருப்பாள்’ என்றது. அது இவருடையது. உடுப்பின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்து கூட்டம் கலையும்போது பூமணி என்னிடம் வந்தாள்.

“அப்போ அந்தக் கார்த்தேஜ் அம்மா பேரு என்னம்மா?”

“பூமணி” என்றேன். “கார்த்தேஜும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீ சொன்னத எழுதினேன். எல்லாம் உன் கதைதான்.”

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. முகம் மாறியது. அவள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, இன்று பார்த்தேன்.

“ஏம்மா எம் புள்ள பேர மறச்சிய? அவன் பேரச் சொல்லியிருந்தா அன்னைக்குக் கோயில்ல அத்தன பேரும் அவன நெனச்சு அழுதிருப்பாவளே.”

மன்னித்துக்கொள் என்று சொன்னேன், அது எவ்வளவு சிறியது என்று தெரிந்தேதான் சொன்னேன். அவள் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள். பாதி தூரம் போனவள் திரும்பி வந்தாள். கோபம் இன்னும் தீரவில்லை, முகத்தில் இருந்தது.

“உங்க மவளுக்கு எத்தன வயசு?”

“ஆறு.”

“எம் மவனுக்கு ஒம்பது. அப்போ அவன் பாத்துக்கிடுவான்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவளைப் போல நம்ப எனக்கு வரவில்லை. இன்றும் வரவில்லை என்றுதான் எழுதவேண்டும். ஆனாலும் பத்து மணிக்கு, இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டே இவரிடம் கேட்டேன்.

“செங்கானூருக்கு இங்கேருந்து எப்படிப் போகணும்?”

“ஆறரை பஸ்ஸைப் புடிச்சு சந்தைமுக்குல எறங்கணும். அங்கேருந்து ஷேர் ஆட்டோ. கல்லறைத் தோட்டத்துப் பின்வாசல்லயே விடுவான். முன்வாசல் கேட் துருப்பிடிச்சுத் திறக்காது” என்றார். யோசிக்கவே இல்லை. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. இட்லியைப் பிட்டபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

கமிட்டி கூட்டம், ரிட்ரீட், பேராயத்தில் வேலை என்று சொல்லிக் கிளம்பிப் போன நாட்களெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. இத்தனை வருஷமாக என் மகளை அவர் தனியாகப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அழுகை வரவேண்டிய இடம். எனக்கு வந்தது, இன்று காலையிலிருந்து இரண்டாவது தடவையாக, தாங்க முடியாத பொறாமை.

நாளைக்கே போவோம், நானும் வருகிறேன் என்று சொன்னேன். ஜன்னலோர இடம் எனக்கு, அதையும் சொல்லிவிட்டேன்.